சொந்த வீடும் சொந்தக் கம்பியும்

1989இல் ரெங்கத்தில் நாங்கள் வாங்கிய மலிவு வீட்டின் விலை 25,000 வெள்ளி. 1980களின் தொடக்கத்தில் மலேசிய அரசாங்கம் மலிவு வீட்டுக்கு வைத்த உச்ச விலை அது. 1998இல் விலையை ஏற்றும்வரை நாடு முழுக்க அதே கணக்குதான். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத அடுப்படி. அப்பாவுக்கு 55 வயது முடிந்து தோட்டத்து வேலை நின்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. வேலை உள்ளவரைக்கும்தான் வீடு என்பது தோட்டத்து வழக்கம். ஊழியர் சேமநிதியில் வந்த பணம், சிங்கப்பூரில் வேலை பார்த்த அண்ணன் அனுப்பியது, அம்மாவின் சங்கிலி என்று எல்லாம் போய்ச் சேர்ந்து அந்த வீடு எங்களுடையதானது.

வீடு வாங்கியதோடு செலவு நிற்குமா? கரண்டுக்கு எல்.எல்.என்.னில் முன்பணம், தண்ணீருக்கு முன்பணம், ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, வாசலுக்குக் கேட்டு. கையிருப்பு கரைந்து, மளிகைக் கடையில் கணக்கு வைக்கும் நிலைக்கு வந்தபோதுதான் அப்பா டெலிபோன் பேச்சை எடுத்தார்.

அண்ணன் வேண்டாம் என்றான். பட்டணத்துக் கடைவரிசையில் பொதுத் தொலைபேசி இருக்கிறது, அவசரம் என்றால் நடந்துபோய்ப் பேசலாம், மாதா மாதம் வாடகை கட்டி வீட்டில் ஒன்றை வைத்துக்கொள்ள நாமென்ன தோட்டத்து ஆபிசுப் பெரிய கிராணியா என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. அம்மாகூட அவன் பக்கம்தான் இருந்தார். அப்பா மட்டும் அசையவில்லை. "பேசறதுக்கு இல்லடா, நம்மளக் கூப்பிடறவங்களுக்கு" என்றார்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரெங்கம், ஜொகூரில் குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டி இருக்கும் சின்னப் பட்டணம். வெளியூர்க்காரர்கள் இதைச் சிம்பாங் ரெங்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அது மேற்கே இருக்கும் வேறு ஊர். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவரைக்கும் ரயில் பாதை 1909இல் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக் காடெல்லாம் ரப்பர் தோட்டமாகி, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு, இன்றைக்கும் எந்தப் பக்கம் போனாலும் தோட்டம்தான். அந்தத் தோட்டங்களில் ஒன்றில் என் தாத்தா காலத்திலிருந்து இருந்தோம்.

நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்த அந்தத் தோட்டத்தில் போன் இருந்த இடங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஆபிசு, துரை பங்களா, பெரிய கிராணி வீடு. லயத்துச் சனங்களுக்கு எங்கிருந்து என்ன செய்தி வந்தாலும் ஆபிசுக்கு வந்து, அங்கே யாராவது காதில் வாங்கி, துண்டுக் காகிதத்தில் எழுதி, வேலைக்காட்டுக்கோ லயத்துக்கோ ஆள் அனுப்பிச் சொன்னால்தான் உண்டு. பிள்ளை பிறந்தது, பெண் பார்க்க வருவது, ஆஸ்பத்திரியில் சேர்த்தது, செத்தது எல்லாம் அந்த ஒரு மேசை வழியாகத்தான் எங்களுக்கு வரும்.

அத்தை பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தார். அப்பாவுக்கு ஒரே அக்கா. தாயில்லாத அப்பாவை வளர்த்தவர். அவர் ஒருநாள் விடியற்காலையில் இறந்துபோனார். அங்கிருந்தவர்கள் உடனே எங்கள் தோட்டத்து ஆபிசுக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அன்று சம்பள நாள். காலையிலிருந்தே ஆபிசு வாசலில் வரிசை. செய்தி காகிதத்தில் ஏறியது, காகிதம் சம்பள உறைகளுக்குக் கீழே போனது. சாயங்காலம் மேசையைச் சுத்தம் செய்யும்போது எடுத்துப் பார்த்துவிட்டு எழுதியவர் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். அதே வரிசையில் நின்று, அதே மேசையில் கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து அப்பா உட்கார்ந்திருந்தார். ராத்திரி ரயில் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்து, வந்தவர்கள் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்களாம்.

அந்த மனிதரை அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதவர். அப்பாவின் ஆத்திரம் வேறு. "நம்ம வூட்டுச் சாவு ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறகு நமக்குத் தெரியுது" என்பார். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், எப்போதும் இதே வார்த்தைகளில். செய்தி சொல்ல மறந்ததைவிட, எங்கள் செய்தியை எங்களுக்கு முன்னால் இன்னொருவர் கேட்கும்படி எங்கள் வாழ்க்கை அமைந்திருந்ததுதான் அவரை அறுத்தது. எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது அவர் வயதை நெருங்கும்போது நன்றாகப் புரிகிறது.

போனுக்கு விண்ணப்பம் கொடுக்கக் குளுவாங் டெலிகோம் ஆபிசுக்குப் போனோம். நான் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மலாய்ப் பாரத்தை நிரப்ப நான்தான். டெலிகோம் அதுவரை அரசாங்க இலாகாவாக இருந்து, 1987 ஜனவரியில்தான் நிறுவனமாக மாறியிருந்தது. பங்குச் சந்தைக்குப் போனது 1990இல். கட்டடமும் பழையது, ஆட்களும் பழையவர்கள், ரசீதில் இருந்த பெயர் மட்டும் புதிது. அடையாளக் கார்டு, வீட்டுப் பத்திரத்தின் நகல், முன்பணம், பொருத்துக் கூலி, முதல் மாத வாடகை, ஒப்பந்தத்துக்கு முத்திரை. எல்லாமாக நூறு வெள்ளிக்கு மேல் போயிற்று. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டில்லாத நாளுக்குக் கூலி முழுதாக இல்லை என்று வாழ்ந்த குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அப்பா சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நீவிவிட்டுக் கொடுத்தார். திரும்பும்போது குளுவாங் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். 1938 முதல் நடக்கும் கடை அது. ரொட்டி பாக்காரும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தார். செலவு செய்த நாளில் மேலும் செலவு செய்வது அவர் பழக்கமே இல்லை.

பணம் கட்டியவுடன் போன் வந்துவிடவில்லை. இதைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பழைய போனுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி செம்புக் கம்பி, எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை, அந்த வீட்டுக்கு மட்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தடித்த கேபிளாகக் கிளம்பி, சாலையோர இரும்புப் பெட்டியில் பிரிந்து, அங்கிருந்து கம்பத்து உச்சியில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு வரும். கம்பத்துப் பெட்டியிலிருந்து கறுப்புக் கம்பியாக வீட்டுக் கூரைக்குத் தாவும். அந்தக் கம்பத்துப் பெட்டியில் இத்தனை ஜோடிதான் என்று கணக்கு உண்டு. ஜோடி தீர்ந்துவிட்டால் கையில் பணம் இருந்தும் பயனில்லை, புதுக் கேபிள் வரும்வரை காத்திருக்க வேண்டும். நாடெங்கும் கேபிள் பதிக்கப் பெரிய ஒப்பந்தங்கள் கொடுத்து வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பட்டணங்களுக்கு முதலில், எங்களைப் போன்ற ஓரங்களுக்குப் பிறகு. போதாததற்கு, எங்கள் தாமானை, அதாவது குடியிருப்பை, கட்டியவர்கள் முன்வரிசைக்கு மட்டும் கம்பம் வர வழிவிட்டு, பின்வரிசைகளை மறந்துவிட்டார்கள். நாங்கள் கடைசி வரிசை.

அப்பா வாரம் தவறாமல் போய் விசாரித்தார். அங்கே இருந்த மலாய்க்காரர் ஒருவர், அப்பாவின் வயதுதான் இருக்கும், ஒவ்வொரு முறையும் "சாபார், பாச்சிக்" என்பார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதை அவர் சொன்ன விதத்தில் அலட்சியம் இருக்காது. ஒருநாள் பேப்பரும் பென்சிலும் எடுத்து, இப்போது நான் சொன்னதை எல்லாம் படம் போட்டு அப்பாவுக்கு விளக்கியவர் அவர்தான். அந்தக் காகிதத்தை அப்பா மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கும் அம்மாவுக்கும் விளக்கினார். ரப்பர் மரத்தில் பால் ஓடும் கோட்டைப் பற்றி விளக்குவதுபோல அவ்வளவு தெளிவாக.

கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஒரு நாள் காலையில் ஆள் வந்தார். தோல் வாரை இடுப்பிலும் கம்பத்திலும் சுற்றிக்கொண்டு ஏறினார். கீழே தாமான் பிள்ளைகள் கூட்டம். கூரை ஓரத்தில் கொக்கி அடித்து, கறுப்புக் கம்பியை இழுத்துக் கட்டி, ஜன்னல் சட்டத்தில் ஒரு ஓட்டை போட்டு உள்ளே விட்டார். சுவரோரமாக ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கொக்கி, ஒவ்வொன்றாக, வளையாமல். இரண்டு நுனிகளையும் பல்லால் உரித்தார். அதைப் பார்த்த அம்மா "ஐயோ" என்றார். சுவரில் பொருத்திய சின்னப் பெட்டியின் திருகாணிகளில் அந்த நுனிகளை முறுக்கிவிட்டு, இடுப்பில் தொங்கிய சோதனைப் போனின் கவ்விகளை மாட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். டயல் டோன்தான் கேட்டிருக்கும், வேறென்ன. ஆனாலும் வெகுநேரம் கேட்டார். அந்த ஆளும் அவசரப்படுத்தவில்லை. மணி அடிக்கும்போது நுனியைத் தொட்டால் ஷாக் அடிக்கும், அடிக்காதபோது ஒன்றும் செய்யாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கரண்டு போனாலும் போன் வேலை செய்யும், அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து இதே கம்பியில் வருகிறது என்றார். அது உண்மை என்று பின்னால் 2006 டிசம்பரில் ஜொகூரை வெள்ளம் மூழ்கடித்தபோது தெரிந்துகொண்டோம். தாமான் முழுக்க இருட்டு, எங்கள் போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

முதல் அழைப்பு சிங்கப்பூரிலிருந்து அண்ணன். வேண்டாம் என்று சொன்னவன்தான், தோட்டத்து நண்பர்கள் அத்தனை பேருக்கும் நம்பரைக் கொடுத்திருந்தான்.

போன் இணைப்புக்கு ஆன செலவு ரசீதில் இருந்த தொகையோடு முடியவில்லை. கடைசி வரிசையில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் பாசிர் கூடாங்கில், எதிர்வீட்டுச் சித்தியின் மருமகன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில், கோடி வீட்டுச் சீனப் பாட்டியின் மகள் ஈப்போவில். எல்லாருக்கும் எங்கள் நம்பர். போன் வந்தால் அவர்களை ஓடிக் கூட்டி வருவது என் வேலை. வந்தவர்களுக்கு அம்மா தண்ணீர் கொடுப்பார். பேசி முடிக்கும்வரை நாங்கள் பின்பக்கம் போய்விட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. கூடத்தில் உட்கார்ந்து கேட்கக் கூடாது. "அவங்க சேதி அவங்களுக்கு" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பை வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

போன் செய்ய வருபவர்களுக்காக மைலோ டின்னின் மூடியில் ஓட்டை போட்டுப் பக்கத்தில் வைத்தோம். சிங்கப்பூருக்கு 02 போட்டு நேராக அழைக்கலாம். ஆனால் வீட்டில் மீட்டர் கிடையாது. எக்ஸ்சேஞ்சில்தான் அது ஓடும். தூரம் கூடக் கூட வேகமாக ஓடும். மாதக் கடைசியில் வரும் பில்லில் யார் எங்கே பேசினார்கள் என்ற விவரம் இருக்காது, மொத்தம் மட்டும்தான். அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் மணியும் எழுதிப் பார்த்தார். ஒரு மாதம் பில் மூன்று மடங்காக வந்தது. யார் என்று எங்களுக்குத் தெரியும். வயசுப் பையன், காதல். அம்மா அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. காதுத் தோடு கொஞ்ச நாள் அடகுக் கடையில் இருந்தது. தச்சரிடம் சொல்லி, பூட்டு வைத்த மரப்பெட்டி ஒன்று செய்து போனை அதற்குள் வைத்தோம். சாவி எங்கே தொங்குகிறது என்பது வரிசை முழுக்கத் தெரியும் என்பதால் பெட்டியால் பெரிய பயன் இல்லை. அந்தப் பணமெல்லாம் வீண் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் அப்பாவின் பங்காளி ஒருவர் போனுக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். அங்கே ஓ.ஒய்.டி. என்று ஒரு திட்டம். ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டினால் வரிசையில் கொஞ்சம் முன்னால் போகலாம். சாதாரண வரிசையில் நின்றவர்களுக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடிதத்தில் அவர் அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு சீக்கிரம் என்று அப்பா சொல்லிக்கொள்வார். இந்தியாவில் 1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, சாம் பித்ரோடா முன்னின்று, கிராமத்து வெயிலுக்கும் தூசுக்கும் தாங்கும் சின்ன எக்ஸ்சேஞ்சுகளைச் செய்தார்கள். குளிர்சாதன அறை வேண்டியதில்லை. 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலாவதைப் பொருத்தினார்கள். மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தது அதற்குப் பிறகுதான். பங்காளியின் குரலை அப்பா முதன்முதலாகக் கேட்டது அப்படி ஒரு கடையிலிருந்துதான். அதுவரை இருவருக்கும் இடையில் நீலக் கடிதம் மட்டுமே இருந்தது. கடைக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி அவர் பேசியதில் பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரத்தில் இரண்டு பேரும் அழுதார்கள்.

டெலிபோன் புத்தகத்தில் அப்பாவின் பெயர் வந்தது. தடித்த புத்தகம், சின்ன எழுத்து. தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் அவருக்கு ஒரு நம்பர் உண்டு, காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் அந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இதில் பெயருக்கு அப்புறம்தான் நம்பர். அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது, ஆனால் தன் பெயர் இருந்த வரியை அவரே கண்டுபிடித்தார். அந்தப் பக்கத்தில் ஒரு ரப்பர் இலையை வைத்திருந்தார். அடுத்த வருடத்துப் புத்தகம் வந்ததும் இலையை அதற்கு மாற்றினார்.

அம்மாவின் அண்ணன் லாபிஸில் இறந்தபோது ராத்திரி போன் வந்தது. எடுத்தது அம்மா. யாரும் இடையில் இல்லை. விடிவதற்குள் நாங்கள் அங்கே இருந்தோம். தலைமாட்டில் விளக்கு ஏற்றியது அம்மா. அன்று திரும்பி வரும் வழியில் அப்பா வாய் திறக்கவில்லை. அவர் யாரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கைப்பேசி வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1985இலேயே ஆட்டூர் என்ற ரேடியோ போன் மலேசியாவுக்கு வந்துவிட்டது, பெரிய தவுக்கேக்கள் காரில் வைத்திருந்தார்கள், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2000 வாக்கில் நாட்டில் கைப்பேசிகள் வீட்டுப் போன்களை முந்திவிட்டன. மைலோ டின் அலமாரிக்குள் போனது. அப்பா காலமான பிறகும் அம்மா வாடகை கட்டிக்கொண்டே இருந்தார். துறையூர்க்காரர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான் என்பார். அம்மாவுக்குப் பின் நான்தான் எழுதிக் கொடுத்து இணைப்பை நிறுத்தினேன்.

எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த ஆட்கள் செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். போன முறை ரெங்கம் போயிருந்தபோது பட்டணத்துக் கடையில் டாப்-அப் போட வந்த வங்காளதேசப் பையன் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். தினமும் ராத்திரி அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறானாம். அவன் அப்பா இறந்துவிட்டதையும் பேச்சில் சொன்னான். அது உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த நிமிடமே தெரிந்தது, உயிர் போகும்போது அக்கா போனைக் காட்டிக்கொண்டிருந்தாள் என்றான். ஊருக்குப் போனாயா என்றேன். பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை, அது ஆபிசில் இருக்கிறது என்றான்.

ஒருவருடைய கடவுச்சீட்டை இன்னொருவர் பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி குற்றம். அதை அவனுக்கு எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம் என்றேன். என்னோடு வந்தால் பாரத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டான்.